மலை ஏறி வந்த லைன்மேன்மாருக்கு

வெளி மாகாணங்களிலிருந்து வந்த லைன்மேன் அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும், லொறி ஓட்டிய சாரதிகளுக்கும், மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளைச் சரித்துவிட்டுப் போன பிறகு, அறுந்த மின்சாரத்தை மீட்டுத் தர நீங்கள் ஏறி வந்தீர்கள். உங்களில் பலருடைய ஊர்களிலும் அப்போது வெள்ளம் வடியவில்லை. தோட்டங்களில் மின்வேலை பார்க்கிறவர்களும் டிவிஷன்களின் (தோட்டப் பிரிவுகளின்) அனர்த்தக் குழுக்களில் இருக்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். செய்த வேலை என்னவென்று தெரிந்தவர்கள் அதைச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால், மாலையைப் போட்டு அனுப்பிவிட்ட மாதிரி இருக்கும்.

போஸ்ட் (மின்கம்பம்) நடுவதையே எடுத்துக்கொள்வோம். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பது கணக்கு. 11 மீற்றர் கொங்கிரீட் போஸ்ட்டுக்கு ஏறக்குறைய 1.8 மீற்றர் குழி. சமதரையில் பாரந்தூக்கி லொறி பக்கத்திலேயே வந்து நிற்கும். இங்கே லொறி கார் ரோட்டோடு சரி. அதற்கு மேல் வடம் போட்டு, தேயிலைச் செடிகளுக்கு இடையால் ஆட்கள்தான் இழுக்க வேண்டும். சரிந்த மண்ணில் குழி தோண்டத் தோண்ட ஓரம் இடிந்து உள்ளே விழும். ஆழம் கிடைத்தாலும் பிடிமானம் கிடைக்காது. ஆகவே சரியாத விளிம்பு வரை தள்ளிப் போய்த்தான் நட வேண்டும். தள்ளிப் போனால் இரண்டு போஸ்ட்டுக்கு இடையிலான தூரம் கூடும், கம்பியின் இழுவையும் கூடும், அதற்குப் போஸ்ட் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி வேண்டும். அந்த ஸ்டேயை எங்கே இறக்குவது? பள்ளத்துப் பக்கம் இறக்கினால் நங்கூரம் சரிவின் வாயிலேயே போய் உட்காரும். மேட்டுப் பக்கம் இழுத்தால் கம்பி தாழ்ந்து கொழுந்துக்காரர் நடக்கிற பாதையை மறிக்கும். ஒரு போஸ்ட்டுக்கு ஒரு பகல் போனதென்றால் காரணம் இதுதான். கீழே நின்று பார்த்தவர்களுக்கு, "நாலு பேர் சும்மா நிற்கிறார்கள்" என்றுதான் தெரிந்திருக்கும்.

"டவுனுக்குக் கரண்ட் வந்துவிட்டது, எங்கள் லயத்துக்கு மட்டும் இல்லை" என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து உங்களிடம் ஏசியவர்களுக்காக நாங்கள் வருந்துகிறோம். 132,000 வோல்ட் லைன் எழும்பாமல் உபமின்நிலையம் எழும்பாது. அது எழும்பாமல் 33,000 வோல்ட் லைன் இல்லை. அது இல்லாமல் லயத்து ட்ரான்ஸ்போமருக்கு உயிர் இல்லை. வரிசையின் கடைசியில் இருப்பது லயம். லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து 1950இலேயே மின்சாரம் கீழே இறங்கிய மலை இது என்பதால் ஆட்களுக்குக் கொஞ்சம் கோபம் கூட. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது போஸ்ட்டில் ஏறி நிற்கிறவர்மேல் விழக் கூடாது.

இனி எங்கள் பக்கத்துத் தவறு. கரண்ட் இல்லாத நாட்களில் சில கடைகளிலும் வீடுகளிலும் சின்ன ஜெனரேட்டர் ஓடியது. இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரைச் சுவர் சொக்கெட்டில் செருகி முழு வீட்டுக்கும் வெளிச்சம் எடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செருகினால் வீட்டுக்குள் மட்டும் கரண்ட் நிற்காது. மீற்றர் வழியாக வெளியே போய் ட்ரான்ஸ்போமரைப் பின்பக்கமாகப் பிடிக்கும். 33,000ஐ 400 ஆக இறக்குகிற அதே பெட்டி, எதிர்த்திசையில் ஏற்றவும் செய்யும். சாதாரண நாளில் ஊர் முழுவதன் பாரமும் சேர்ந்து அமுக்க, அந்தச் சின்ன மெஷின் உடனே நின்றுபோகும். அனர்த்த நாளில் லைன் அறுந்து துண்டாகிக் கிடப்பதால் பாரம் குறைவு. மெஷின் தாக்குப்பிடித்து ஓடும், செத்த லைன் உயிரோடு இருக்கும். நீங்கள் லைனை வெட்டி, சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட்ட பிறகே கை வைத்தது இதனால்தான். சிலர் அதை நேரத்தைக் கடத்துவது என்றார்கள். இதற்கு மாற்று வழி பெரிய செலவுமில்லை: ஜெனரேட்டரையும் வெளி லைனையும் ஒன்றுசேர விடாத, நடுவில் "ஓஃப்" நிலை உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச், லைவையும் நியூட்ரலையும் ஒன்றாக வெட்டுவது. பற்றரி வைத்த சோலாருக்கும் இது வேண்டும். ஜெனரேட்டர் உள்ள கடைகளை எங்கள் டிவிஷன்களில் எண்ணத் தொடங்கிவிட்டோம்.

அறுந்த கம்பியைப் பற்றியும் வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். பாறையிலோ வறண்ட மண்ணிலோ விழுந்த 33,000 வோல்ட் கம்பியில் சில வேளை மிகக் குறைந்த கரண்ட்தான் ஓடும், அது போதாமல், லைனைத் தானாக வெட்டுகிற பிரேக்கர் விழாது. பொறி இல்லை, சத்தம் இல்லை, உயிர் மட்டும் இருக்கும். விழுந்த பிரேக்கரும் சில விநாடிகளில் தானாக மறுபடி எழும்பலாம். 10 மீற்றர் விலகி நிற்க வேண்டும். ஏற்கெனவே கிட்ட போய்விட்டவர் காலைத் தூக்காமல், இரண்டு பாதத்தையும் ஒட்டி உரசி உரசிப் பின்வாங்க வேண்டும். ஆட்டை மீட்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்வதுதான் கடினம்.

மண் புகுந்த லயங்களில் மெயினைப் போடுமுன் எங்கள் ஆட்கள் வயரின் காப்பை அளக்கிற 500 வோல்ட் மெகரால் பார்க்கிறார்கள். 1 மெகோமுக்குக் குறைந்தால் காய விட வேண்டும். கசிவு இருந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் நிற்காமல் விழுகிறது என்று அதைக் கட்டிவைக்கிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மழை விஷயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை தருகிறது. தோட்டத்து மழைமானியைக் காலையில் ஒருதரம் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவதுதான் வழமை. நீங்கள் மலையில் நிற்கும் நாளில் அது போதாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்த்து உங்கள் குழுத் தலைவருக்கு அறிவிக்க ஆள் வைக்கிறோம். அளவு ஏறினால் இறங்கிவிடுங்கள். இருட்டில் இன்னொரு ராத்திரி இருந்துகொள்வோம்.

மரங்களைப் பொறுத்தவரை, 30 மீற்றர் டர்பன்டைன் மரம் லைனுக்கு 15 மீற்றர் தள்ளி நின்றாலும் விழுந்தால் எட்டும். ரோட்டுக்கு வெட்டிய மேட்டின் விளிம்பில் நிற்பவை முதலில் சாயும். அவற்றுக்கு வெள்ளை வளையம் அடித்துத் தோட்ட நிர்வாகங்களுக்குக் காட்டுவோம். லைனோடு ஒட்டிய சவுக்குக் கிளைகளில் நாங்கள் கை வைக்க மாட்டோம். கரண்டை வெட்டித் தந்தால் மட்டுமே. இந்த மர வேலை அட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாத மழைக்கு முன்னும், பதுளை, பசறை பக்கம் ஒக்டோபருக்கு முன்னும் முடிய வேண்டும்.

நுவரெலியாக் குளிரில் ஒரு ஜம்பரோடு வந்தவர்களுக்கு மண்டபத்தில் பாயும் பிளேன்டீயும் கொடுத்தோம். ரப்பர் கையுறையும் சப்பாத்தும் காய வைக்க இடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈரக் கையுறை எவ்வளவு ஆபத்து என்று தெரிந்த எங்களுக்கே தோன்றவில்லை என்பது வெட்கம். அடுத்த முறை தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) சூடான அறை ஒன்றைத் திறந்து தரும்படி கேட்போம்.

ஒரு டிவிஷனுக்குத் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், வரைபடத்தில் வேறொன்று. இதனால் லொறி தவறிப்போய் மணிக்கணக்கில் சுற்றியது. மூன்று பெயர்களையும் ட்ரான்ஸ்போமர் இலக்கத்தோடு சேர்த்துச் சந்திகளில் பலகையாக மாட்டுகிறோம். இந்த மடலையும் சிங்களத்தில் எழுதி அனுப்புகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: போஸ்ட் ஏற்றிய லொறி திரும்ப முடியாமல் நின்ற வளைவுகள் எவையென்று எழுதி அனுப்புங்கள். தோட்டத்துக்குச் சொந்தமான ரோட்டாக இருந்தால் வெட்டி அகலமாக்கித் தரும்படி நிர்வாகத்திடம் நாங்களே போய் நிற்போம்.

இப்படிக்கு,
தோட்ட மின்வேலையாட்களும் டிவிஷன் அனர்த்தக் குழுக்களும்
மலையகம்