பரலோகம் என்ன, நிலுவைச் சம்பளமா?

அன்பு மகளுக்கு,

அப்பாயியின் அடக்கம் முடிந்து நீ கொழும்புக்குப் பஸ் ஏறும்போது கேட்டாயே: "வாழ்க்கை பூரா தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவுல, வரிசை வீட்டு ஒத்த அறையில கெடந்ததுக்கு மேல போனா மாளிகை கெடைக்கும்னு போதகர் சொல்றாரு. இது நம்ம வாய மூட வைக்கிற பேச்சு இல்லையா சித்தப்பா?" பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

உன் சந்தேகம் நியாயமானது. 1850களில் கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு தொடங்கிய மிஷனுக்குப் பெயரே தமிழ்க் கூலி மிஷன். பள்ளிக்கூடம் வைத்தார்கள், எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் துரையின் காசில் நடக்கிற பிரசங்கத்தில் சம்பளத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பார்கள்? 'பொறுத்துக்கொள், மேலே கிடைக்கும்' என்பது அவர்களுக்கு வசதியான பேச்சு. தோட்டக்காரன் தராத நிலுவையைக் கடவுள் தலையில் கட்டிவிடுகிற கணக்கு அது.

ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை, மகள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். அங்கே யாரும் மேலே ஏறிப் போகவில்லை. நகரம்தான் கீழே இறங்கி வருகிறது. கடவுள் மனுசரோடு வந்து குடியிருக்கிறார். தினம் நாம் சொல்கிற ஜெபத்திலும் 'எங்களை அங்கே கூட்டிப்போ' என்று ஒரு வரி கிடையாது. உம்முடைய ராஜ்யம் வரட்டும், அங்கே நடப்பது பூமியிலும் நடக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். அதற்கு அடுத்த வரியே அன்றாடச் சாப்பாடு. அப்பாயி இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். சிலுவையில் பக்கத்தில் தொங்கியவனுக்கு இயேசு அன்றைக்கே கொடுத்த வாக்கு அது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. உடம்போடு எழுந்திருப்பதும் புதிய பூமியும் இன்னும் பாக்கி.

அந்தப் புதிய பூமி எப்படி இருக்கும் என்று ஏசாயா 65இல் இருக்கிறது. பொன் தெரு, முத்து வாசல் பற்றி அங்கே பேச்சே இல்லை. வீடு கட்டியவர்களே அதில் குடியிருப்பார்கள். தோட்டம் போட்டவர்களே அதன் பலனைச் சாப்பிடுவார்கள். ஒருவன் கட்ட இன்னொருவன் குடியேறுவதும், ஒருவன் நட இன்னொருவன் தின்பதும் இருக்காது. பாபிலோனில் அடிமைப்பட்டு, இடிந்துபோன ஊருக்குத் திரும்பிய சனத்துக்குச் சொன்ன வாக்கு இது. இதை ஒரு லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துப் பார். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் தொடங்கினார் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்ட கைகள் யாருடையவை? அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஒரு தகரம் போட்டு இஸ்தோப்பை நீட்டத் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல தேயிலை கப்பல் ஏறுகிறது, நமக்கு டஸ்ட் தூள். ஏசாயா சொல்கிற பரலோகத்தில் காணி உறுதியும், அதாவது நிலப் பத்திரமும் வரும், மகள். அதை விட்டுவிட்டு மாளிகையை மட்டும் பேசுகிறவர் பாதி வசனத்தைத்தான் வாசிக்கிறார்.

(சுற்றுலா விளம்பரக்காரர்களுக்கு இந்த மலையே சொர்க்கம்தான். கூடையோடு சிரிக்கிற பெண் இல்லாமல் அந்தப் படம் இருக்காது. 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த மரிக்னொல்லி என்ற இத்தாலியத் துறவி, ஏதேன் இங்கிருந்து 40 மைல்தான் என்று ஊரார் சொன்னதாக எழுதிவைத்தார். அதைவிட அதிகத் தூரம் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் நம் ஆட்கள். அவர்கள் கண்ணில் ஏதேன் படவில்லை.)

இன்னொன்று குடியுரிமை. நம் குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். அடக்க ஆராதனைகளில் அதைச் சொல்லி, 'இந்த உலகம் நமக்குச் சொந்தமில்லை' என்று முடிப்பார்கள். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மலையகச் சனத்திடம் இதைச் சொல்வது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. பிலிப்பி ரோமர்கள் குடியேற்றிய ஊர். ரோமக் குடியுரிமை வைத்திருந்தவர்கள் அதற்காக ரோமாபுரிக்கு மூட்டை கட்டவில்லை. அந்த ஊரிலேயே ரோமச் சட்டப்படி, ரோம முறைப்படி வாழ்ந்தார்கள். அப்படியானால் பரலோகக் குடிமகன் அங்கேயுள்ள சட்டத்தை இந்தத் தோட்ட டிவிசனில் கைக்கொள்ள வேண்டியவன். கொழுந்து நிறை குறைந்தது என்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் போடுகிற இடத்தில் தராசைச் சரியாகப் பிடிப்பதும் அதில் அடக்கம். அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தான். அடுத்த காம்பராவில் அடுப்பு எரியாத நாளில் அப்பாயி இரண்டு ரொட்டி கூடுதலாகச் சுடுவாரே, அந்தச் சட்டப்படி நடந்த காரியம் அது. போதகர் அதைச் சொல்லியிருக்கலாம்.

அப்பாயியின் தங்கச்சி 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். 525,000 பேரை அங்கே, 300,000 பேரை இங்கே என்று இரண்டு பிரதமர்கள் பிரித்தார்கள். கோச்சி கிளம்பும்போது ஸ்டேஷனே அழும். அக்காவும் தங்கச்சியும் அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை. புதிய பூமியில் கடல் இருக்காது என்று யோவான் எழுதியதை, பத்மு தீவில் தனியாகக் கிடந்த மனுசனின் ஆசையாகத்தான் நான் வாசிப்பேன். அப்பாயி அந்த வசனத்துக்கு மட்டும் சத்தமாக ஆமென் சொல்வார். நீ கவனித்திருப்பாய்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிர்த்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு இருந்தது. மீன் சாப்பிட்டார். கரையில் நெருப்பு மூட்டிச் சீடருக்குக் காலைச் சாப்பாடு தயாராக வைத்திருந்தார். கூடைக் கயிறு அப்பாயியின் தலையில் போட்ட பள்ளம் எழுந்திருக்கும் நாளில் மறைந்துபோகும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வலி போகும். அடையாளம் இருக்கட்டும்.

சரி, போதகர் மேல் கோபப்படாதே. நல்ல மனுசர். மழையில் நனைந்துகொண்டு கடைசிவரை குழிப் பக்கத்திலேயே நின்றவர்.

அடுத்த ஞாயிறு 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்கிற கூட்டத்தை ஆராதனை நேரத்திலேயே வைத்துவிட்டார்கள். நான் கூட்டத்துக்குத்தான் போகிறேன். போதகரிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை. உனக்கு லீவு கிடைத்தால் வா. வராவிட்டாலும் அப்பாயியின் அடையாள அட்டைப் பிரதியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. அது உன் பெட்டியில் இருப்பதாக உன் அப்பா சொன்னார்.

அன்புடன்,
சித்தப்பா
அட்டன்