பம்ப் வாங்க முதல்

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கோணேசர் துணை.

கார் சூடானதும் இழுவை குறைந்து திருகோணமலை நிலாவெளி வீதியில் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் வருகிறது என்று அக்கா சொன்னா. பெற்றோல் தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப் தேய்ந்தால் இப்படித்தான் காட்டும். தாங்கியை இறக்க வேண்டும் என்று கராஜ் பாஸ் சொன்னதும் அநேகமாகச் சரி. ஆனாலும் பம்ப் வாங்கக் கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப முதல் இரண்டு சோதனை செய்விக்க வேண்டும்.

ஒன்று, கரண்ட். பம்ப் ஓடும்போது அதன் வயர் முனையில் வோல்ட் அளந்தால் பற்றறியில் உள்ளதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. குறைந்தால் பிழை பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயில், இல்லாவிட்டால் பின்பக்கம் காரின் உடற்தகட்டில் இறுக்கிய ஏர்த் வயரில். கடலோரக் கார்களில் அந்த ஏர்த் முனைதான் முதலில் பச்சை பிடிக்கும். உப்புத்தாள் போட்டு உரஞ்சி இறுக்கினால் வேலை முடிந்தது, தாங்கியைத் தொடவே தேவையில்லை.

இரண்டு, அழுத்தம். 90களின், பெற்றோலை மின்முறையில் பீச்சும் டொயோட்டா ஈஎஃப்ஐ கார்களில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி அளந்தால் 38 முதல் 44 பிஎஸ்ஐ வரும். உங்கள் காருக்கு அதன் கையேட்டில் உள்ளதே கணக்கு. அழுத்தம் குறைவென்றால், தாங்கிக்குத் திரும்பிப் போகும் றப்பர் குழாயை ஒரு நொடி மட்டும் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தமானியின் முள் சட்டென்று ஏறினால் ரெகுலேற்றரில் பிழை. ஏறாவிட்டால் பம்ப், அல்லது அடைத்த பில்டர், அல்லது தாங்கிக்குள் வெடித்த சிறு குழாய். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலைக் கேனில் வாங்கி ஊற்றி ஓடிய கார்களில் பம்பின் அடிச்சல்லடையும் அடைத்திருக்கலாம். பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான். எப்போதும் தாங்கியின் அடியில் கொஞ்சப் பெற்றோலோடேயே ஓடினால் அது கெதியாகச் சாகும்.

இங்கே இந்த வேலையைக் கடினமாக்குவது உப்பு. பனி உறையாமலிருக்கக் குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புப் போடுவார்கள். அது காருக்கு அடியில் ஒட்டி, தாங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டியையும் போல்ட்டையும் பெற்றோல் லைனையும் தின்றுவிடும். அதற்கென்றே பனிக்காலம் தொடங்க முதல் சனம் காரின் அடிக்கு எண்ணெய் அடிப்பிக்கிறது. அங்கே வீதியில் உப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம், உப்புவெளிக் கடற்காற்றில் இருக்கிறது. பட்டிக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள றப்பர் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பட்டி உள்பக்கமாகத்தான் உக்கும். வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும்.

வேலை செய்யும் முறையும் இங்கே வேறு. ஒன்ராறியோவில் கார் திருத்த லைசென்ஸ் வேண்டும், மணிக்கணக்கில்தான் கூலி. கூலி சாமானைவிடக் கூடிவிடும் என்பதால் பம்ப், சல்லடை, பெற்றோல் மட்டம் காட்டும் மிதவை எல்லாம் சேர்ந்த முழு அலகையே புதிதாக மாற்றிவிடுவார்கள். அங்கே சாமான்தான் விலை, ஆகவே பாஸ் அலகைத் திறந்து மோட்டரை மட்டும் மாற்றுவார். அது மட்டமான வேலை இல்லை. ஆனால் மூன்று சின்னச் சாமானில் காசு மிச்சம் பிடிக்க விடாதீர்கள். சல்லடை புதிது வேண்டும். அலகின் மேல்மூடியில் உள்ள ஓ-ரிங் என்ற றப்பர் வளையம் புதிது வேண்டும். பழையது வெளியே எடுத்ததும் ஊதிப் பெருத்துவிடும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. தாங்கிக்குள் போகும் சிறு குழாய் பெற்றோலில் மூழ்கி இருப்பதற்கென்றே செய்த ‘30ஆர்10’ வகையாக வேண்டும். கடையில் முழம்போட்டு விற்கும் சாதாரண பெற்றோல் குழாய்க்கு உட்பக்கம்தான் பெற்றோலைத் தாங்கும். அதை முழுக்க மூழ்கவிட்டால் இளகி வெடிக்கும், பிறகு புதுப் பம்பைக் குறை சொல்லிக்கொண்டு திரும்பவும் தாங்கியை இறக்க வேண்டும்.

இறக்க முதல் தாங்கியில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கட்டும். ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ. 40 லீற்றரோடு இறக்கினால் 30 கிலோ, தூக்கும் ஜக்கில் ஆடும். பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கும். அதன்பிறகு பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும். அத்தான், கராஜில் காருக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழிக்கு மேல் மட்டும் இந்த வேலை வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். ஒரு குண்டு பல்ப் உடைந்தாலே போதும். வெட்டையில் ஸ்டாண்டில் நிறுத்தி, எல்ஈடி விளக்கும் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரும் பக்கத்தில் வைத்துச் செய்யட்டும்.

பட்டி போல்ட்டுக்கு முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைக்க வேண்டும். ஆறு மூலைச் சொக்கட்தான் போட வேண்டும், பன்னிரண்டு மூலை தலையை உருட்டிவிடும். காஸ் விளக்கால் சூடாக்குகிற பேச்சே வேண்டாம். தாங்கிக்குக் கீழே பலகை வைத்து ஜக்கால் ஒரு சாண் மட்டும் இறக்கி நிறுத்த வேண்டும். மேலே உள்ள வயரும் குழாய்களும் அதற்குமேல் நீளாது. அவசரப்பட்டு இறக்குகிற இடத்தில்தான் குழாய் மாட்டும் பிளாஸ்ரிக் மூக்கு முறியும். நிரப்புக் குழாயின் றப்பர் பிடித்திருந்தால் நெம்பாமல் கத்தியால் கீறி எடுத்துப் புதிது போடுவதே லாபம்.

அலகின் மேல்மூடியைத் திறக்க முதல் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் கூட்டி ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவும் தாங்கிக்குள். பூட்டு வளையத்தைப் பித்தளைத் துண்டாலோ மரக்கட்டையாலோ தட்டிச் சுற்றலாம், இரும்பால் தட்டினால் பொறி வரும். அலகைச் சரித்து எடுக்காமல் நேரே இழுத்தால் மிதவைக் கம்பி வளைந்து, அரைத் தாங்கி இருக்கும்போதே மீற்றர் காலி என்று காட்டும்.

பின்சீட்டுக்குக் கீழே தகட்டை வெட்டி ஒரு கதவு வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். சில கார்களுக்குக் கம்பனியே அப்படி மூடி வைத்திருக்கிறது, உங்களுடையதற்கு இல்லை. தாங்கி கீழே இருக்கும்போது கிரைண்டர் பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாங்கியை இறக்கித் தூர வைத்துவிட்டு வெட்டினாலும், வெட்டிய விளிம்பு ஒரு மாரியில் துருப்பிடிக்கும், ஆவி கார் உள்ளுக்கு வரும். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஏற்றி முடித்ததும் உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சாவியை நாலைந்து தரம் ஓனில் வைத்து நிறுத்தி (அதற்குப் பம்ப் ஓடாத காரென்றால் கையேட்டில் உள்ளபடி பம்பை ஓடவிட்டு), லைன் நிறைந்ததும் அடியில் கசிகிறதா என்று பார்க்கட்டும். பிறகு தாங்கியை நிரப்பி இன்னொருமுறை மேல்மூடிப் பக்கம் மணந்து பார்க்க வேண்டும். ஓ-ரிங் சுருண்டிருந்தால் அரைத் தாங்கியில் தெரியாது, நிரம்பினால்தான் கசியும்.

பழைய பம்பின் உடம்பில் அடித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஓ-ரிங்கும் மூழ்கு குழாயும் நான் இங்கே பார்த்து, அக்காவின் பெட்டியோடு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
மச்சான்