டப்பாவில் எத்தனை மில்லிகிராம்?

உணவுப் பொருள்களின் லேபிளில் என்ன அச்சிட வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். டயட் குளிர்பானங்களைத் தடைசெய்யுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு எண்: ஒரு டப்பாவில் எத்தனை மில்லிகிராம் இனிப்பூட்டி இருக்கிறது?

2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயட் குளிர்பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கிடைத்த சான்று குறைவானது என்பதையும் அதுவே சொன்னது. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான வல்லுநர் குழு, பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. அதாவது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 டப்பாவுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று கணக்கும் கொடுத்தார்கள். பலருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எனக்கு வரவில்லை. ஒரு டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. என் கையிலுள்ள டப்பாவில் 200-ஆ, 300-ஆ? பல நாடுகளில் லேபிள் அதைச் சொல்வதில்லை. சில டப்பாக்களில் பெயர்கூட இல்லை, அஸ்பார்டேமைக் குறிக்கும் 951 என்ற எண்தான் இருக்கிறது. சரி, 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரம்பு 800 மில்லிகிராம். டப்பாவில் 300 என்றால், இரண்டு டப்பாவுக்கு அப்புறம் மூன்றாவதைக் குடிக்கும்போதே வரம்பைத் தொட்டுவிடலாம்; 200 என்றால் நான்கு வரை போகலாம். விருந்து நாளில் பிள்ளைகள் எத்தனை குடிக்கிறார்கள் என்று யார் எண்ணுகிறார்கள்? அதுபோக, சூயிங் கம்மிலும் சர்க்கரையில்லாத இனிப்புகளிலும் இதே பொருள் வருகிறது.

வரம்பை மில்லிகிராமில் சொல்லிவிட்டு, டப்பாவில் இருக்கும் மில்லிகிராமை மறைத்தால் அந்த வரம்பை வைத்து ஒரு தாய் என்ன செய்வாள்?

பயமுறுத்தும் வாசகம் எதுவும் வேண்டாம். சாக்கரின் என்ற இன்னொரு இனிப்பூட்டிக்கு நடந்தது நினைவிருக்கும். எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததைப் பார்த்து 1977-இல் அமெரிக்காவில் அதற்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. எலியின் உடலில் நடந்தது மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்து 2000-இல் அதை நீக்கினார்கள். வாசகங்கள் வரும், போகும். அளவு மாறாது.

பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது இன்னும் கடுமையானது. அஸ்பார்டேம் உடைந்து வரும் பினைல்அலனினை அவர்கள் உடலால் கையாள முடியாது, அது மூளையைப் பாதிக்கும். அவர்களுக்கான எச்சரிக்கை பல இடங்களில் கட்டாயம்தான். ஆனால் டப்பாவின் மடிப்பில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தால் எப்படி?

அப்புறம் அந்த 'டயட்' என்ற பெயர். உடல் எடையைக் கட்டுக்குள் வைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பே 2023 மே மாதம் பரிந்துரைத்தது. (ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை.) அப்படியிருக்க, எடை குறையும் என்று நம்பவைக்கும் அந்தப் பெயரை இன்னும் ஏன் அனுமதிக்கிறீர்கள்?

ஒவ்வொரு இனிப்பூட்டியின் பெயரும், டப்பாவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் முன்பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில் வேண்டும். தயாரிப்பவர்களுக்கு அந்த எண் ஏற்கெனவே தெரியும். அளக்காமல் யாரும் கலப்பதில்லை.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்