ஏப்ரல் 5 காலை விழுந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்: சீனக்குடா பற்றி எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளம் பற்றிய உமது கட்டுரை வரைவை வாசித்தேன். ஒரு வரி உறுத்துகிறது. “1942 ஏப்ரல் 5 அன்று பயிற்சிப் பறப்பில் இருந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் கொழும்புக்கருகே சுட்டு வீழ்த்தப்பட்டன” என்று எழுதியிருக்கிறீர். திகதியும் எண்ணிக்கையும் சரி. பயிற்சிப் பறப்பு என்பதுதான் பிழை. அவை பிரித்தானியக் கடற்படையின் 788ஆம் படையணி விமானங்கள்; டோர்பிடோக்களை, அதாவது நீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டுகளை, சுமந்துகொண்டு, தாக்குதலுக்கு வசதியாகக் கொழும்புப் பக்கம் இடம் மாறிக்கொண்டிருந்தவை.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. பிரித்தானியக் கடற்படை 1939 மே மாதத்தில் தன் விமானப் பிரிவை விமானப்படையிடமிருந்து மீளப் பெற்றது. அதன் படையணிகளில் 800 வரிசை இலக்கங்கள் முன்னணிப் படையணிகளுக்கும், 700 வரிசை பெரும்பாலும் பயிற்சி, துணைவேலைப் படையணிகளுக்கும் போயின. 788 என்று கண்டவுடன் பயிற்சி என்று எழுதிவிடுவது இயல்பு. ஆனால் சீனக்குடாவில் 1942 ஜனவரியில் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்களோடு தொடங்கிய இந்த அணி, கிழக்குக் கடற்படையின் டோர்பிடோ விமானங்களுக்கான கையிருப்பு. விமானந்தாங்கியில் விமானங்கள் எதிரியால் மட்டும் அழிவதில்லை. இறங்கும்போது சக்கரம் முறியும், தடுப்பு வலையில் மோதும், கடலில் விழும். அப்படிக் குறைவதை நிரப்ப ஆளும் விமானமும் கரையில் ஆயத்தமாக இருக்க வேண்டும். இருக்கும் ஆட்கள் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் பறந்துகொண்டும் இருக்க வேண்டும். ஆக, பயிற்சி அங்கே நடந்தது உண்மை. அன்று காலை நடந்தது அதுவல்ல.

ஏப்ரல் 4 மாலை, கொக்கலவிலிருந்து போன கனடியப் படையணியின் கற்றலினாப் பறக்கும் படகு ஒன்று, பர்ச்சால் என்ற விமானியின் தலைமையில், ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து கிளம்பிய ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்பை நோக்கி வந்தன; அவற்றில் 36 சீரோ சண்டை விமானங்கள். அதே நேரத்தில் சீனக்குடாவிலிருந்து ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்களும் வந்துகொண்டிருந்தன. ஒன்றும் தப்பவில்லை.

ஏன் தப்பவில்லை என்பதை நீர் இரண்டு வரியாவது எழுத வேண்டும். ஸ்வோர்ட்ஃபிஷ் துணி போர்த்த, இரட்டை இறக்கை விமானம். உச்ச வேகமே மணிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர். வயிற்றில் டோர்பிடோ தொங்கினால் அதுவும் கிடையாது. சீரோ 500ஐத் தாண்டும், இரண்டு 20 மி.மீ. பீரங்கி வைத்திருக்கும். ஸ்வோர்ட்ஃபிஷின் பின்னிருக்கையில் ஒற்றை இயந்திரத் துப்பாக்கிதான். அதற்கு இருந்த ஒரே தற்காப்பு, அலையோடு ஒட்டித் தாழ்ந்து, எதிரி சுடும் கணத்தில் சட்டென்று வளைவது. அவதானி பின்பக்கம் பார்த்துக்கொண்டு “இப்போது இடம், இப்போது வலம்” என்று விமானிக்குச் சொல்ல வேண்டும். வேகமாக வருகிறவனால் அவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்ப முடியாது. தனி விமானம் ஒன்றின் பின்னால் ஒருவன் வந்தால் இது பலிக்கும். வயிற்றில் 730 கிலோ சுமையோடு, பல சீரோக்கள் மாறி மாறிப் பாய்ந்தால் பலிக்காது.

இனி, பயிற்சி பற்றி நீர் எழுதிய பந்தி. “டோர்பிடோ வீசப் பழகினார்கள்” என்று ஒரே வசனத்தில் கடந்துவிட்டீர். கட்டுரையின் கனமே அங்கேதான் இருக்கிறது. விமான டோர்பிடோ 45 செ.மீ. விட்டம், முனையில் 175 கிலோ அளவில் வெடிமருந்து. விமானி உயரத்திலிருந்து சரிந்து இறங்கி, கடலுக்கு மேல் 18 மீட்டர் அளவில் சமன் செய்து, மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில், இலக்குக்கு 900 மீட்டர் அளவில் விட வேண்டும். உயரம் கூடினால் முனை செங்குத்தாகக் குத்தி, டோர்பிடோ ஆழத்துக்குப் போய்விடும். தாழ்ந்தால் வயிறு தட்டிப் பட்டு எகிறும், உள்ளே திசை காக்கும் கருவி குழம்பும். இறக்கை சாய்ந்திருந்தாலோ விமானம் பக்கவாட்டில் வழுக்கினாலோ நீருக்குள் போனதும் வேறு திசை பிடிக்கும். மிக நெருங்கி விட்டால் இன்னொரு தொல்லை: முனையில் உள்ள சிறு விசிறி நீரில் குறிப்பிட்ட தூரம் சுழன்ற பிறகுதான் வெடிப்பி ஆயத்தமாகும். அதற்குள் கப்பலில் முட்டினால் வெறும் இரும்புதான்.

குறிபார்ப்பதும் வேறு விதம். விமானிக்கு முன்னே இரு பக்கமும் நீண்ட சட்டங்களில் சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் இலக்குக் கப்பலின் ஒரு வேகத்துக்கு. அலை கிழிபடுவதைப் பார்த்து வேகத்தை ஊகித்து, அதற்குரிய விளக்கைக் கப்பலோடு பொருத்த வேண்டும். ஊகம் பிழைத்தால் மற்றதெல்லாம் சரியாயிருந்தும் டோர்பிடோ கப்பலின் முன்னாலோ பின்னாலோ போய்விடும். ஆகவே பெரும்பாலான ஓட்டங்களில் டோர்பிடோவே இல்லை. விடும் பொத்தானை அழுத்தினால் கமரா ஒரு படம் பிடிக்கும். பிறகு அந்தப் படத்தில் கோணத்தை அளந்து, பட்டதா தவறியதா என்று சொல்வார்கள். உண்மை டோர்பிடோ விடும் நாட்களில் வெடிமுனைக்குப் பதில் நீர் நிரப்பிய முனை பூட்டி, கப்பலின் அடியால் போகும்படி ஆழம் வைப்பார்கள். ஓட்டம் முடிந்ததும் காற்று அந்த நீரை வெளியே தள்ள, அது மிதந்து எழும். படகு போய்க் கட்டி இழுத்து வரும். அன்றைக்கே நன்னீரில் கழுவிப் பிரித்து எண்ணெய் போடாவிட்டால் உப்பு இயந்திரத்தைத் தின்றுவிடும். அந்த வேலைக்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஏப்ரலுக்குப் பின் கிழக்குக் கடற்படைத் தளபதி சோமர்வில் பிரதான தளத்தை மொம்பாசாவின் கிலின்டினித் துறைமுகத்துக்கு மாற்றினார். 788உம் கிழக்கு ஆபிரிக்கா போய் டாங்காவில் இருந்தது. அங்கே அதன் வேலை கப்பல்களுக்கான சேவையாக மாறியது: நீண்ட கம்பியில் துணிக்குழாய் இலக்கை இழுத்துப் பறப்பது, ராடரைச் சரிபார்க்கச் சொன்ன உயரத்தில் சொன்ன திசையில் ஆடாமல் போய்வருவது. விமானத்துக்கு விமானம் சுடும் பயிற்சியில் குண்டு முனைகளை வெவ்வேறு நிறத்தில் தோய்த்துவிடுவார்கள். இலக்கைத் தளத்தில் போட்டதும் ஓட்டையின் ஓரத்து நிறத்தைப் பார்த்து யார் அடித்தது என்று எண்ணலாம். அலுப்பான வேலை, ஆபத்தும் கொஞ்சமல்ல. பழகாத பீரங்கிக்காரன் இலக்குக்குப் பதிலாக இழுக்கிற விமானத்தையே குறிவைக்கக்கூடும்.

இலங்கையில் அந்த வேலையைக் கட்டுக்குருந்தவில் தொடங்கிய 797ஆம் படையணி பார்த்தது. 1944 ஜனவரியில் கப்பற்படை திருகோணமலைக்குத் திரும்பிய பிறகு இங்கே பயிற்சி பன்மடங்கானது. புத்தளத்தில் சேற்றில் புதைந்த விமானங்களை யானை இழுத்ததற்குப் புகைப்படம் இருக்கிறது. அதை வேண்டுமானால் பெட்டிச் செய்தியாகப் போடும்.

திருத்த வேண்டியவை இன்னும் இரண்டு. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் ஸ்வோர்ட்ஃபிஷ்கள் 814ஆம் படையணி. ஏப்ரல் 9 அன்று அந்தக் கப்பல் மூழ்கும்போது அவை கரையில் இருந்தன. அவற்றையும் 788இன் ஆறையும் ஒரே கணக்கில் கூட்டியிருக்கிறீர், பிரித்துவிடும். மற்றது, நீர் சேர்த்த படம். அதில் கீழ் இறக்கையின் அடியில் ரொக்கெட் தாங்கிகள் தெரிகின்றன. ஸ்வோர்ட்ஃபிஷுக்கு ரொக்கெட் வந்தது 1943இல். 1942 ஏப்ரல் பற்றிய பந்திக்கு மேல் அந்தப் படம் நிற்க முடியாது. டோர்பிடோ தொங்கும் படம் ஒன்றைத் தேடி எடும். திருத்திய வரைவை அச்சுக்குக் கொடுக்க முன் ஒருமுறை அனுப்பிவையும்.

அன்புடன்,
அண்ணன்