செயலாளர் ஆண்டறிக்கை: ஹவில்தார் அண்ணன் இல்லாத முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சக முன்னாள் படைவீரர்களே, வந்திருக்கும் வீரர்களின் மனைவிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையைக் கூட்டங்களின் எண்ணிக்கையில் தொடங்குவேன். இந்த வருடம் அப்படித் தொடங்க மனம் வரவில்லை. மாதக் கூட்டங்கள் ஒன்றும் தவறாமல் நடந்தன, டிசம்பர் 7 கொடி நாள் வசூலை உரிய அலுவலகத்தில் செலுத்தி ரசீது வாங்கிவிட்டோம், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினத்தன்று நடக்க முடியாத மூத்த உறுப்பினர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தோம், வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்க நடவடிக்கை என்று சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீதி நேரம் நம் ஹவில்தார் அண்ணனுக்கு.

அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரை மையத்தில் பயிற்சி முடித்தவர். 1780-ல் தொடங்கிய அந்தப் படையில் யாரைப் பார்த்தாலும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுபத்தாறு வயதிலும் பழைய சாப்பர் யாராவது போனில் 'தம்பி' என்றால் அண்ணன் குரலே மாறிவிடும். 1971 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் போரில், சக்கர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்த பிரிவில் இருந்தார். 15-ம் தேதி இரவு எடுத்த அந்தப் பாதை முழுதாகத் திறக்கும் முன்பே நம் டாங்கிகள் உள்ளே போய்விட்டன. மறுநாள் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் 21 வயதில் உயிர் கொடுத்தது அந்தச் சண்டையில்தான். அண்ணன் இதையெல்லாம் விரிவாகப் பேசியதே இல்லை. என்னிடம் ஒரே ஒருமுறை, அதுவும் நான் அவசரமாக ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, "குப்புறப் படுத்துக்கிட்டு மண்ணைக் குத்திக் குத்தித்தான் போகணும். நாம கட்டுற வெள்ளை நாடாவை நம்பித்தான் பின்னாடி ஆளுங்க வருவாங்க. மெதுவா எழுதுப்பா" என்றார். அன்றைக்கு மனதில் விழுந்த அந்த 'மெதுவா' இன்னும் போகவில்லை.

ஓய்வு பெற்று வந்தபோது வீட்டை அண்ணிதான் நடத்திக்கொண்டிருந்தார். வருடத்துக்கு 60 நாள் விடுப்பில் வந்து போகிற மனிதரை நம்பி எந்தக் குடும்பமும் ஓடாது, கடன் அடைத்தது, சுவர் எழுப்பியது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் அண்ணி தனி ஆளாகச் செய்தவை. நம்மில் பலர் வீடு திரும்பியதும் அதிகாரத்தைக் கையில் எடுக்கப் பார்த்து, வீட்டிலிருப்பவர்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறோம், நானும் செய்தேன். அண்ணன் வந்த மறுநாள் காலையில் அண்ணியிடம் கேட்டது இதுதான்: "உன் நிர்வாகத்துல எனக்கு என்ன வேலைன்னு சொல்லு." தண்ணீர் எடுப்பதும் பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போடுவதும் அவர் வேலையாயின. பிறகு பல வருடம் இரவுக் காவல் வேலைக்குப் போனார். காலையில் வந்து மகள்களைப் பள்ளியில் விட்டபிறகுதான் படுப்பார். மூத்த மகள் நர்ஸ் ஆகி இரவுப் பணி முடிந்து வரும் நாட்களில், அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அங்கே சைக்கிளோடு நிற்பார். தினமும் நிற்பார். அந்த மகள் இதைச் சொல்லும்போது 'தினமும்' என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னாள்.

சரி, சங்கத்துக்கு அவர் செய்ததற்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் காலமானபோது அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. காரணம் ஒரு பெயர். படையில் சேரும்போது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பது இன்னொன்று, ஆதாரில் வேறு. நம் ஊர் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக்கிவிட்டால் கணவன் பெயரும் மனைவி பெயரும் இரண்டு வேறு ஆட்களுடையவை மாதிரி ஆகிவிடுகின்றன. அந்த அம்மா ஒரு வங்கிக் கிளையின் வாசலில் உட்கார்ந்து அழுததை அண்ணன் நேரில் பார்த்திருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு நீள நோட்டோடு வந்தார், ஒவ்வொருவரும் பென்ஷன் ஆணையை, அதுதான் பிபிஓ-வை, எடுத்துவரச் சொன்னார். அன்றிலிருந்து கடைசிவரை அவர் வேலை அதுதான்.

மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் விவரம் என்று வரி வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். தவறு இருந்தால் ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் திருத்தம், பிரயாக்ராஜில் உள்ள ராணுவப் பென்ஷன் அலுவலகத்துக்கு இந்தியில் போன். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டம் 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு வந்தபோதும் பிறகு 2019, 2024 ஜூலை திருத்தங்களின்போதும் யாருக்கு எவ்வளவு நிலுவை என்று அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம், 85-ல் 30 என்பது நம்மில் பாதிப் பேருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். மாற்றுத்திறனாளி மகனை வைத்திருக்கும் உறுப்பினருக்கு, பெற்றோர் காலத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடர வழி இருக்கிறது என்று சொல்லி, உயிரோடு இருக்கும்போதே பெயரைப் பதிய வைத்தார். அந்தத் தகப்பனார் அன்றைக்கு இதே அறையில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

'ஆள் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை, ஆள் போன பிறகு வீட்டம்மாவுக்கு இரண்டு வருட அலைச்சல்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். அப்படியும் கேட்காதவர்கள் வீட்டுக்கு சைக்கிளில் போய் நின்றார்.

அண்ணன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்த மறுவாரம் அண்ணி நீலக் கோப்பு ஒன்றோடு சங்க அறைக்குத் தனியாக வந்தார். நான் எழுந்து, "நாங்களே வந்திருப்போமே அண்ணி" என்றேன். "எனக்குத் தெரியும் தம்பி, அவர் மூணு தடவை வாசிச்சுக் காட்டியிருக்கார். நாலாவது தடவை நான் சண்டை போட்டேன், நீங்கதான் முதல்ல போவீங்கன்னு யார் சொன்னதுன்னு" என்றார். கோப்பைத் திறந்தால், மேல் தாளில் அவர் கையெழுத்தில் முதலில் எந்தச் சான்று, எத்தனை நகல், எங்கே கொடுக்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ, இருவரும் சேர்ந்த போட்டோ, பாஸ்புக், ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றே. நான் செய்ததெல்லாம் கூடவே போய் உட்கார்ந்ததுதான். இரண்டாவது மாதமே அண்ணி கணக்கில் குடும்ப ஓய்வூதியம் வந்துவிட்டது. நம் சங்கத்தில் இதற்கு முன் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

அவருடைய நீள நோட்டையும் அண்ணி என்னிடமே கொடுத்துவிட்டார். அதில் முடியாமல் 11 வேலைகள் இருந்தன. இந்த ஆண்டுக்குள் 7 முடித்துவிட்டோம். அவர் ஒரே ஆளாகச் செய்ததை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்தோம், அப்படியும் அவர் வேகம் வரவில்லை, இதை இந்தச் சபை தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பரில் உயிர்ச் சான்று முகாமை அண்ணனின் இளைய மகள் நடத்தினாள். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய் போனில் முகத்தைக் காட்டவைத்து முடித்துக் கொடுத்தாள்.

மீதியிருக்கும் நான்கில் மூன்றுக்குப் பொறுப்பாளர்கள் அமைந்துவிட்டார்கள். நான்காவது, விவாகரத்தான மகள் ஒருத்திக்கான குடும்ப ஓய்வூதியம். தந்தை ராணுவத்தில் இருந்தபோது வந்த பழைய கடிதங்கள் எல்லாம் இந்தியில் இருக்கின்றன. அண்ணன் அதில் பாதியை மொழிபெயர்த்துப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். இந்தி நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், நோட்டை இங்கேயே கொண்டுவந்திருக்கிறேன்.