வெளிக்கதவுக்குப் படல உணரி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே மின்னணுப் பூட்டுச் செய்வது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை எங்கள் பகுதி மாணவர்கள் ஆவலோடு படித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் கேற்றுக்கு வெளியே பொருத்தும் பூட்டுக்கும் மெல்லிய படல வகை அழுத்த உணரியையே சிபாரிசு செய்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த உணரியில் இரண்டு படலங்கள், நடுவே சிறு இடைவெளி. விரல் அழுத்தினால் படலங்கள் தொட்டுக்கொண்டு மின்தடை இறங்கும். உள்ளே காற்று வந்துபோக, வயர் இணைக்கும் அதன் வால்பட்டை வழியாக நுண்ணிய பாதை ஒன்று விட்டிருப்பார்கள். கல்லடியிலும் திருக்கோவிலிலும் கடற்காற்றின் உப்பு ஈரம் நுழைவதும் அதே பாதையால்தான். பசை போட்டு அடைத்தால், அகப்பட்ட காற்று கச்சான் காற்று வீசும் கால வெயிலில் விரிந்து படலங்களை விலக்கப் பார்க்கும். காலையில் இலேசாகத் தொடத் திறந்த பூட்டு மத்தியானத்தில் அடம்பிடிக்கும். ஒரே வகையில் இரண்டு வாங்கினாலும் அளவு ஒத்துவராது. 'இவ்வளவு அழுத்தினால் திற' என்று ஓர் எண்ணை நம்பிப் பூட்டமைப்பது ஆபத்து.

அதற்குப் பதிலாக, விரல் பட்டாலே உணரும் தொடுகை உணரியைப் போடலாமா என்றால், அதற்கு மழைநீரும் விரல்தான். மாரியில் அது உதவாது.

நான் சொல்வது, தட்டினால் மின்னழுத்தம் தரும் பீசோ வில்லை. பித்தளைத் தட்டில் ஒட்டிய பீங்கான் போன்ற வெண்களித் துண்டு, விலையும் குறைவு. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் பின்புறம் எப்பொக்சியால் ஒட்டிவிட்டால் வெளியே துளையே தேவையில்லை. தொடர்ந்து அழுத்திப் பிடிப்பதை அது உணராது, தட்டுவதை உணரும். எனவே அழுத்தத்தின் அளவை விட்டு, தட்டும் தாளத்தைக் குறியீடாக்குங்கள். பலமாகத் தட்டினால் மின்னழுத்தம் எகிறும். 10 லட்சம் ஓம் தடையொன்றும், மின்னழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் சீனர் டயோடும் வில்லையின் இரு வயர்களுக்கும் குறுக்கே இருக்கட்டும். கட்டுப்பாட்டுப் பலகையும், பூட்டுக்கு மின்சாரம் விடும் ஆளியான ரிலேயும் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால், மூடியைக் கழற்றி இரண்டு வயரைத் தொடுத்தே எவனும் திறந்துவிடுவான்.

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. மின்சாரம் நின்றால் என்ன செய்வது? வெளியே சாவித்துவாரமும், உள்ளே கையால் திறக்கும் கொண்டியும் கட்டாயம் வேண்டும். தீப்பிடித்த நேரத்தில் பற்றரியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மாரி தொடங்குமுன் இதனையும் பிரசுரித்தால், உணரி வாங்கக் காசு சேர்க்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.