2024-25 ஆண்டறிக்கை: இயற்கைப் பண்ணை, விதைநெல், ஊர் விற்பனை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, களை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ரூபாய்க் கணக்குக்குள் நான் போகவில்லை.

முதலில் தண்ணீர். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூரை, அணையில் நீர் இல்லாததால் 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அடுத்த இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை வாய்க்காலுக்கு அந்தத் தண்ணீர் எட்ட எவ்வளவு காலம் ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர். ஆகவே முதல் போகமான குறுவையை விட்டுவிட்டோம். கோடை மழை ஈரத்தில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு தெளித்து, பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதோம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிவரும் கீதாரிகளிடம் சொல்லி, எருவுக்காக மேட்டு வயலில் ஆட்டுக்கிடையும் கட்டினோம். அவர்களுக்குக் கூலியோடு சாப்பாட்டு நெல்லும் கொடுப்பது பழைய வழக்கம், அதை விடவில்லை.

சம்பா போகத்துக்குப் பாரம்பரிய நெல் ரகங்கள்தான்: தாழ்வான பள்ளக்காலில் மாப்பிள்ளைச் சம்பா, மேட்டில் தூயமல்லி, ஓரத்தில் இரண்டு மா நிலத்தில் பூங்கார். நவம்பர் கடைசி வாரம் ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் கொட்டிய மழையில் பள்ளக்கால் முழுக்க மூழ்கியது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்ததால் தண்ணீர் இறங்க மறுத்தது. இளைஞர்கள் இடுப்பளவு நீரில் நின்று அதை வாரிப் போட்டதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா நெட்டைப் பயிர் என்பதால் தலை வெளியே தெரிந்தது, பிழைத்தது. சரி, பாரம்பரிய நெல் எதற்கும் அசையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஜனவரியில் நம் மேட்டு வயலைப் பார்த்திருக்க வேண்டும். அறுவடை நேரத்து மழையில் தூயமல்லி பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. அதிலும் கிடை கட்டிய இடத்தில் கருகருவென்று வளர்ந்த பயிர்தான் முதலில் சாய்ந்தது. எரு மிஞ்சினால் நெட்டைப் பயிர் சாயும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. வரும் ஆண்டில் கிடையைப் பள்ளக்காலுக்கு மாற்றலாம் என்பது என் கருத்து.

படுத்த பயிரில் அறுவடை இயந்திரம் இறங்காது. கையறுப்புதான். கூலியில் ஒரு பங்கை நெல்லாகவே வாங்கிக்கொள்கிறோம் என்று சகோதரிகள் சொன்னதால் தலை தப்பியது. ஈர வயலில் உளுந்து தெளித்தது பெரும்பாலும் அழுகிப்போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பூச்சி இந்த ஆண்டு தொல்லை தரவில்லை. கொஞ்சம் இலைச்சுருட்டுப் புழு, அவ்வளவுதான். எலிதான் எதிரி. வயலில் டி வடிவக் குச்சிகள் நட்டோம். இரவில் ஆந்தை வந்து உட்கார்ந்தது. மூங்கிலை வளைத்துக் கட்டும் எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கத் தெரிந்தவர் நம் ஊரில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் பையன்கள் இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, இந்த ஆண்டு செயற்குழுவில் அதிக நேரம் பேசிய விஷயத்துக்கு வருகிறேன்: விளைந்ததை யாருக்கு விற்பது?

நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து, மாப்பிள்ளைச் சம்பா முழுவதையும் களத்திலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அரசு கொள்முதல் நிலையத்தில் அந்தப் பருவத்தில் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,405 ரூபாய், சன்ன ரகம் 2,450 ரூபாய். அங்கே பாரம்பரிய நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பி வரும். வியாபாரி சொன்ன விலை அதைவிட நல்ல விலை என்பதை மறைக்கவில்லை. கொடுத்துவிடலாம் என்று சொன்ன உறுப்பினர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால், ஊருக்குச் சோறு போடத்தான் இந்தப் பண்ணை என்று சொல்லிக் குத்தகைக்கு நிலம் கேட்டவர்கள் நாம். பாதியை ஊருக்கு வைத்துக்கொண்டு மீதியைத் தருவது என்று பெரும்பான்மையாக முடிவானது.

வைத்துக்கொண்டது சரி, ஊரில் யார் வாங்குவார்கள்? அரிசி அட்டைக்கு ரேஷனில் 2011 ஜூன் முதல் இலவச அரிசி வருகிறது. அதைத் தாண்டிக் காசு கொடுத்து மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பரிசியை வாங்கு என்றால் கூலி வேலைக்குப் போகும் குடும்பம் எதற்கு வாங்கும்? அதோடு அது சீக்கிரம் வேகாது, கேஸ் செலவு, பிள்ளைகளுக்கு நிறம் பிடிக்காது. இதெல்லாம் வீடு வீடாகப் போன சகோதரிகள் கேட்டுவந்த பதில்கள். ஆரோக்கியம் பற்றிய நோட்டீஸ் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, அதைச் செய்யவில்லை.

அதற்குப் பதிலாகச் சகோதரிகள் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். சனிக்கிழமை மாலை குளத்தங்கரையில் நம் கீரை, கத்தரி, வெண்டை விற்கும் இடத்திலேயே மாப்பிள்ளைச் சம்பா கொழுக்கட்டையும் அவலும் வைத்தார்கள். முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் வடித்து, நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றைச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தார்கள். நடவுக்குப் போகிற பெண்கள், இதைச் சாப்பிட்டால் பதினொரு மணிக்குப் பசிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கியதும் அரிசி தானாக நகர்ந்தது. சோற்றுக்கு ரேஷன், காலைப் பழையதுக்கு நம் அரிசி என்று ஒரு பழக்கம் சில தெருக்களில் வந்திருக்கிறது. இட்லிக்கும் கலக்கிறார்கள், இட்லி கொஞ்சம் சிவக்கிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பூங்கார் முழுவதும் பிள்ளை பெற்ற வீடுகளுக்கே போய்விட்டது. விதைக்கு எடுத்து வைத்ததையும் ஒரு பாட்டி கேட்டு வந்தார். தரவில்லை.

அரவைதான் இன்னும் தலைவலி. பெரிய மில்லில் நம்முடைய நாலைந்து மூட்டையைத் தனியாக அரைக்க மாட்டார்கள். அரைத்தாலும் இயந்திரத்தில் தங்கிய வெள்ளரிசி நம்முடையதோடு கலந்து வரும். முதலில் விழும் சில கிலோவை எடுத்துக் கோழிக்குப் போட வேண்டியிருக்கிறது. தவிட்டைச் சுத்தமாக உரித்து வெள்ளையாக்கித் தருவதுதான் அவர்களுக்குத் தெரிந்த நல்ல அரவை. தவிடு இருக்கட்டும் என்றால் ஏதோ குறை சொல்கிறோம் என்று நினைக்கிறார்கள். உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை இயந்திரம் ஒன்று சிறிய அளவில் சங்கத்துக்கு வேண்டும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன்.

சான்று விஷயம். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு இயற்கை விளைபொருள் சான்று கட்டாயமில்லை. இருந்தாலும் பங்கேற்பு உத்தரவாத முறையில், அதாவது பி.ஜி.எஸ்.-இல், குழுவாக இருக்கிறோம். இயற்கை முறைக்கு மாறும் காலத்தில் இன்னும் இருப்பதால் நமக்கு பி.ஜி.எஸ். கிரீன் என்ற சான்றுதான். ஒருவர் வயலை மற்றவர்கள் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து வரும் அதிகாரியை ஏமாற்றிவிடலாம். அடுத்த வரப்புக்காரரை ஏமாற்ற முடியாது. வடக்கு எல்லையில் பக்கத்து வயல் களைக்கொல்லி காற்றில் வருகிறது. அந்த ஓரத்து விளைச்சலைத் தனியாக அடித்து, சங்கத்தின் பேரில் விற்காமல் ஒதுக்கினோம். அங்கே அகத்தியும் கிளுவையும் வைத்து வேலி அடர்த்தியாக்க வேண்டும்.

விதைநெல். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களில் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறுபோகத்தில் நான்கு கிலோ திருப்பி வாங்குவார்கள். 170-க்கும் மேற்பட்ட ரகங்களை அப்படித்தான் ஊர் ஊராகப் பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் வைத்த வழக்கத்தையே நாமும் பின்பற்றுகிறோம். இந்த முறை விதை வாங்கியவர்களில் பலருக்கு வயல் மூழ்கியதால் நான்கு கிலோ கேட்கவில்லை. இரண்டு வந்தாலும் போதும் என்று விட்டோம். வயல் நன்றாக விளைந்தும் திருப்பாத சிலர் இதே கூட்டத்தில் இருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை, ஆடிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

பொதுக்குழுவின் முன் வைப்பவை: உமி நீக்கும் இயந்திரம் வாங்கச் செயற்குழுவுக்கு அனுமதி, வடிகாலைத் தூர்வார, மழைக்கு முன்பே ஊராட்சியில் மனு, விளைச்சலில் பாதி உள்ளூருக்கு என்ற முடிவை வரும் ஆண்டுக்கும் நீட்டிப்பது. மூன்றாவது தீர்மானத்தில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தேநீருக்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்